தண்ணீர் நின்ற நாட்கள்

ஜெகதீசன் தினமும் ஐந்தரைக்கு எழுந்து, கட்டிலிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி, அடுப்படிக்கு நடந்து போய் டீ போடுவான். குடித்த டம்ளரை நின்ற இடத்திலேயே குனிந்து அலசுவான். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, காய்ந்து கிடக்கும் வாசலில் காலைத் துடைத்துச் செருப்பு மாட்டுவான். கெடாரைத் தாண்டி இருந்த அந்த ஊரில், கார்த்திகைப் புயலுக்கு ஏரி உடைந்து புகுந்த வெள்ளம் எல்லா வீடுகளிலும் மூன்றாம் நாள் வடிந்தது. அவன் மனைவி தமிழ்மணியின் உடலை அடுப்படியில் கண்டெடுத்ததும் அன்றைக்குத்தான். அந்த ஒரு வீட்டில் மட்டும் தண்ணீர் முழங்காலோடு நின்றுவிட்டது. கதவு திறந்திருந்தும் நிலைப்படியைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு சீனுவாசன் ஆயில் என்ஜின் வைத்து இரண்டு நாள் இறைத்ததில் அவருடைய கேப்பைக் கொல்லை நனைந்தது. வீட்டுக்குள் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. "கெண்டக் குஞ்சு உட்டுப் பாருப்பா, அதுக்காவது ஆவும்" என்று சொல்லிவிட்டு என்ஜினைக் கழற்றிக்கொண்டு போனார். தை போனது, மாசி போனது. ஊர் பழகிக்கொண்டது.

அவன் சமூகவியல் எம்.ஏ. திண்டிவனத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. வெள்ளம் புகுந்த கிராமங்களில் வீடு வீடாகப் போய் எழுபத்திரண்டு கேள்விகள் கேட்டு, பதிலை டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். பிறர் வீட்டுச் சாவுகளைப் பிழையில்லாமல் ஏற்றினான். ஆடியில், கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட பட்டியலில் அவன் வீடும் வந்தது. சொந்த வீட்டைத் தானே கேட்கக்கூடாது என்பது விதி. உடன் வேலை செய்யும் ஜெசிந்தா வந்து, சுடிதாரைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நின்றே கேட்டாள்.

"எத்தினி நாள் தண்ணி நின்னுச்சு, ஜெகா?"

"இன்னியோட இருநூத்தி முப்பத்தொண்ணு."

"ரெண்டு நம்பருக்கு மேல எடுக்க மாட்டேங்குது."

"தொண்ணூத்தொம்போது போடு."

போட்டாள். பரண்மேல் விதை மல்லாட்டை மூட்டை ஒரு சொட்டுக்கூடப் படாமல் இருந்தது. விதைக் கடலைக்குச் சேதம் இல்லை என்று ஏற்றினாள்.

கடைசிக் கேள்விக்கு எண் கிடையாது. வெளியேறச் சொன்னபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள். சொன்ன வார்த்தையிலேயே எழுதவும். மற்ற வீடுகளில் இதை விடாமல் கேட்பவன் அவன்தான். தன்னிடம் இருந்த தமிழ்மணியின் வார்த்தையை, சொன்னால் தண்ணீர் வடிந்துவிடுமோ என்று பயந்து எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. ஜெசிந்தா காத்திருந்தாள். சொன்னான். தண்ணீர் வடியவில்லை. அவள் எழுத்து மாறாமல் ஏற்றியது இது:

"நீங்க முன்னாடி போய்க்கினு இருங்க, வெத மல்லாட்டைய பரண்ல ஏத்திட்டு பின்னாடியே வர்றேன்."