நாற்பத்தேழாம் வரிக்கு ஒரு கூடுதல் குறிப்பு

1

இதைக் கதை என்று நான் தொடங்கவில்லை. ஒரு படிவத்தின் அடியில் "கூடுதல் குறிப்பு இருந்தால் எழுதவும்" என்று நாலு கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். எழுதினேன். நாலு கோடு போதவில்லை. பின்பக்கம் போனேன், அதுவும் போதவில்லை. இப்போது கிழித்த காலண்டர் தாள்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இராது.

படிவம் என் மகளைப் பற்றியது. வயது நாற்பத்தொன்று. மின்சாதனக் கடை ஒன்றில் பதினாறு வருடமாகப் புகார் வாங்கும் மேசை. கடையை மூடப் போகிறார்கள். இனி டவர் கிரேன் ஓட்டப் போகிறேன் என்கிறாள். பயிற்சி வகுப்பில் சேரத் தொழில் வழிகாட்டும் மையத்தின் பரிந்துரை வேண்டும். அந்த மையமோ மனசை அளக்கிறேன் என்று அறுபது வரியில் ஒரு பரீட்சை வைக்கிறது. அவள் எழுதினால் மட்டும் போதாதாம். "இவரை நன்கு அறிந்த ஒருவர்" தனியாக உட்கார்ந்து, அதே அறுபது வரிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டுமாம். அந்த ஒருவர் நான்.

(மனைவியைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டோம். "என் பொண்ணுக்கு அஞ்சைத் தவிர வேற நம்பர் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டாள்.)

2

முதலில் வேறு தொடக்கம் வைத்திருந்தேன்:

அன்று மாலை மகள் கதவைத் திறந்தபோது அவள் கண்களில் ஏதோ ஒரு

(அடித்துவிட்டேன். கண்ணில் ஒன்றும் இல்லை. மழையில் நனைந்து வந்தாள், தலையைத் துவட்டினாள், பரீட்சை திறந்திருந்த போனை என் முன்னால் வைத்தாள். அவ்வளவுதான்.)

"இருபது நிமிஷம்தான்ப்பா டைம். நீங்க எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். நான் படிக்கிறேன், நீங்க நம்பர் சொல்லுங்க."

"உன்னைப் பத்தி உன்கிட்டயேவா?"

"ஏன், என் முதுகுக்குப் பின்னாடிதான் சொல்ல வருமா?"

படித்தாள். "பிறர் பேசும்போது குறுக்கிட மாட்டார்."

"ரெண்டு."

"ரெண்டா? நான் எப்ப உங்களை..."

"இதோ, இப்பத்தான்."

சமையலறையிலிருந்து மனைவி சிரித்தாள். மகள் புருவத்தைத் தூக்கினாள். சரி, மூன்று வைத்துக்கொள் என்றேன். இப்படியே போனது. நான் ஒன்று சொல்வேன், புருவம் ஒன்று சொல்லும், புருவம் ஜெயிக்கும்.

நாற்பத்தேழாவது வரியில் மட்டும் அவள் குரல் இறங்கியது. "திடீர் ஆபத்தின்போது உடனே செயல்படுவார்."

"அஞ்சு" என்றேன், கண் சிமிட்டும் நேரம்கூட எடுக்காமல்.

புருவம் அசையவில்லை. தலையே நிமிரவில்லை. அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

3

இங்கே என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பத்தொரு வருடம் லாரி எடை மேடையில் உட்கார்ந்தவன். வண்டி ஏறும், எண்கள் ஆடும். ஒன்பது எண்ணுவேன். ஆட்டம் நின்ற பிறகுதான் சீட்டு அடிப்பேன். அவசரப்பட்டு அடித்த சீட்டு பொய்ச் சீட்டு. ஓட்டுநர்கள் பின்சக்கரம் ஒன்றை மேடைக்கு வெளியே நிறுத்தி எடையைக் குறைக்கப் பார்ப்பார்கள். நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், சக்கரத்தைத்தான் பார்ப்பேன். அதனால் யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மனசை அளக்கிறவர்களை அறவே நம்புவதில்லை.

4

இரண்டாம் நாள் மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆலோசகர் அம்மாவை இந்தக் கதைக்கு வில்லியாக்குவதாக இருந்தேன். சென்ட் வாசனை, மேசையில் பிளாஸ்டிக் பூ எல்லாம் எழுதியும் வைத்தேன். வந்து உட்கார்ந்தவருக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். ஜலதோஷம் பிடித்தவரை வில்லியாக்க எனக்குக் கை வரவில்லை.

"ஐயா, உங்க பொண்ணு போட்டதும் நீங்க போட்டதும் அறுபதுல அம்பத்தேழு ஒண்ணா இருக்கு. புருஷன் பொண்டாட்டிக்கே அவ்வளவு பொருந்தாது. பக்கத்துல இருந்தாங்களா?"

மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டவன் செய்வதைச் செய்தேன், எதிர்க்கேள்வி போட்டேன்.

"அது கிடக்கட்டும் மேடம். எங்க மேடையை வருஷா வருஷம் எடை தெரிஞ்ச இரும்புக் கட்டி வச்சுச் சரிபார்ப்பாங்க. உங்க தராசுக்கு எது கட்டி?"

"ஏற்கெனவே கிரேன் ஓட்டுற நானூறு பேர். அவங்களுக்கு இதே கேள்வி குடுத்து, ஒரு வருஷம் அவங்க வேலையைப் பார்த்து, ஒத்துப்போகுதான்னு பார்த்திருக்காங்க. அப்படியும் சில பேருக்குத் தப்பாச் சொல்லும். அதனாலதான் வீட்டு ஆளையும் கேக்கிறோம். வீட்டு ஆளே இப்படிப் பண்ணினா நான் என்னய்யா பண்றது?"

பதில் நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். இந்த முறை மேடைக்கு வெளியே நின்றது என் சக்கரம்.

காகிதத்தில் புதுப் படிவம் கொடுத்தார். தனியாக, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, நாளைப் பத்து மணிக்குள். "இன்னும் ஒரு இடம்தான் இருக்கு. உங்க படிவத்தைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."

5

நாற்பத்தேழுக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள். நான் எண்ணினேன். ஒன்பது. அதன் பிறகு, யாரும் தூக்காதீங்க என்றாள், காலுக்குத் தலையணை கொடுத்தாள், ஆம்புலன்ஸை அழைத்தாள். லிப்ட் பழுது என்று கீழ்வீட்டு ஆட்கள் நாலு பேரை வரவழைத்து, மூன்று மாடி ஸ்ட்ரெச்சரோடு இறங்கினாள்.

முடிவு ஒன்று: இரண்டு போடுகிறேன். இடம் வேறு ஒருவருக்குப் போகிறது. மகளுக்கு இன்னொரு கடை, இன்னொரு புகார் மேசை. ஊரார் பிரிஜ்ஜுக்கெல்லாம் இவள் திட்டு வாங்கி, வாங்கி,

முடிவு இரண்டு: ஐந்து. அவள் உயரத்தில், கண்ணாடிக் கூண்டில். கொக்கியில் இரண்டு டன் கம்பி. காற்று அடிக்கிறது, கம்பி ஆடுகிறது. கீழே ஒருவன் நிற்கிறான். அவனுக்கும் ஓர் அப்பன் இருப்பான். ஒன்று, இரண்டு, மூன்று

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

6

தாள்களை மனைவி எடுத்துப் படித்துவிட்டாள்.

"ஒன்பதுன்னு எழுதியிருக்கீங்க."

"எண்ணினேனே."

"அவ பயந்து நின்னாளா, என்ன செய்யணும்னு யோசிச்சு நின்னாளா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"சரி. அவ ஒன்பது நின்னா. நீங்க எவ்வளவு நேரம் நின்னீங்க?"

(இந்த இடத்தில் கதாசிரியர் பேனா மூடியைத் தேடினார்.)

"தரையில கிடந்தவ நான். எல்லார் காலும் எனக்குத் தெரிஞ்சுது. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உங்க கால் நகரவே இல்ல. இதுல எண்ணிக்கை வேற!"

மகள் எப்போது வந்து வாசலில் நின்றாள் என்று தெரியவில்லை.

"அன்னிக்கு நான் நின்னதை நீங்க பார்த்தீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். "என் படிவத்துல நாப்பத்தேழுக்கு நான் மூணுதான் போட்டேன். உங்களுக்குத் தோணுறதை நீங்க போடுங்க. எனக்காகப் போடாதீங்க."

7

போட்டுவிட்டேன். அறுபதும் மையால் நிரம்பிவிட்டது. நாற்பத்தேழில் ஆலோசகர் அம்மா பார்க்கப்போகும் எண்ணை உங்களுக்குக் காட்ட மாட்டேன். அது சரியான எண், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தத் தாளில் மட்டும் அந்தக் கட்டம் காலி. இவ்வளவு தூரம் படித்தாயிற்று, இனி அவளை நன்கு அறிந்த ஒருவர் நீங்களும்தான். என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். அன்று கால் நகராமல் நின்ற ஆள் சொல்கிற கதை இது.

47. திடீர் ஆபத்தின்போது உடனே செயல்படுவார்: ........

ஒன்பது எண்ணிவிட்டுப் போடுங்கள்.