பன்னிரண்டு கால் படகு

எங்கள் பாய்மரப் படகுக்கு அனுமதிக்கப்பட்ட கால்கள் பன்னிரண்டு. எல்லாப் படகுகளுக்கும் இப்படி ஓர் எண் உண்டு. பெயருக்குக் கீழே எழுதியிருக்கும். யார் ஏறினாலும் கால் ஆய்வாளர் இசக்கியப்பன் வந்து எண்ணுவார். ஒரு கால் கூடினாலும் ஏற முடியாது.

நானும் என் மனைவி எஸ்கலினும் படகின் அறையில்தான் குடியிருக்கிறோம். எங்களுக்கு நான்கு கால்கள். பூச்சிகளின் கால்களும் கணக்கில் சேரும்; நசுக்கியும் பயனில்லை. உயிர் போனாலும் கால்கள் படகில்தானே கிடக்கின்றன. மருந்தடித்த ஒரு படகில் சிதறிய கால்களை எண்ணி முடிப்பதற்குள் காற்றே திசை மாறிவிட்டது. ஆகவே யாருக்கும் நோகாமல் வெளியே நிறுத்துவதுதான் வழி. சன்னலுக்குக் கொசுவலை. கட்டுக்கயிற்றில் எறும்பு ஏறாதபடி கிரீஸ் தடவிய தகர வட்டு. அட்டைப்பெட்டிகள் கரையோடு சரி, மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். வாழைத்தாரைக் கடல்நீரில் முக்கி உதறிய பிறகே உள்ளே.

மிச்சமிருந்த எட்டுக் கால்கள் மதலேனுடையவை. மதலேன் எங்கள் படுக்கைக்கு மேலே குடியிருந்த சிலந்தி. வலையில் விழும் கொசுக்களைச் சுருட்டி, விடிவதற்குள் படகுக்கு வெளியே தள்ளிவிடுவாள். இசக்கியப்பன் பதிவேட்டில் அவளைப் 'பூச்சி' என்றே எழுதிவந்தார். சிலந்தி பூச்சியல்ல, பூச்சிக்கு ஆறு கால். மூன்று ஆண்டுகள் மனுப் போட்டு, சிலந்திக்கென்று தனிப் பத்தி திறக்க வைத்தேன். பதினேழாம் மனுவோடு படமும் வரைந்து இணைத்திருந்தேன்.

பிறகு எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து துறைக்கு வந்தோம். இசக்கியப்பன் துணியை விலக்கிப் பார்த்தார்.

"நல்ல காலு. ரெண்டு இருக்கு" என்றார். "பதினாலு ஆகுதே, அண்ணாச்சி. சிலந்தியை எறக்குங்க, பிள்ளையை ஏத்துங்க."

நான் கண்ணாடித் தம்ளரையும் ஒரு கல்யாணப் பத்திரிகையையும் எடுத்து உள்ளே போனேன். தம்ளரைக் கவிழ்த்துப் பத்திரிகையை அடியில் நுழைத்தால் சிலந்திக்கு ஒரு கீறலும் விழாது. மதலேன் தானாகவே தம்ளருக்குள் இறங்கிக்கொண்டாள்.

"அவளை எங்க கொண்டு போறிய?" எஸ்கலின் கரையிலிருந்து கேட்டாள்.

"வேப்பமரத்துல விடுறேன்."

"வயித்துப் பிள்ளையோட இருந்தப்ப ஒரு கொசு என்னைக் கடிச்சிருக்குமா? இன்னைக்குப் பிள்ளை வீட்டுக்கு வருது, அவ வெளியவா?"

"அப்ப நான் கரையில இருந்துக்கிடுதேன்."

"நீங்களா? கரையில நாலு எட்டு வச்சாலே தலை சுத்தும்பிய. பாய் ஏத்துறது யாரு, நானா?"

குழந்தை அழத் தொடங்கியது. எஸ்கலின் கல்லின் மேல் உட்கார்ந்து பால் கொடுத்தாள். வீட்டுக்கு மூன்று முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். இசக்கியப்பன் பேனாவை மூடாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்ளருக்குள் மதலேன் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு இடப்பக்கம் ஒரு காலையும், சமநிலை கெடாமல் வலப்பக்கம் ஒரு காலையும் கழற்றிப் பத்திரிகையின் மேல் வைத்தாள், மணமகன் பெயருக்குப் பக்கத்தில்.

அவற்றைத் துறைக் கல்லின் மேல் வைத்தேன். இசக்கியப்பன் குனிந்து இருமுறை எண்ணினார்.

"நாலு, ரெண்டு, ஆறு. பன்னெண்டு. சரி" என்றவர் எழுதும்போது நிறுத்தினார். "ஆறு கால்னா பூச்சியில்லா, அண்ணாச்சி? நீங்கதானே படம் போட்டுக் கொடுத்திய."

எஸ்கலின் என்னைப் பார்த்தாள். சிலந்திக்கும் பூச்சிக்கும் உள்ள மற்ற வேறுபாடுகள் அனைத்தும் எனக்குத் தெரியும்.

"பூச்சிதான்" என்றேன்.

அன்று மாலை தொட்டிலுக்கு மேலே மதலேன் புது வலை பின்னினாள்.

ஒரு மாதம் கழித்துத் துறைக்குத் திரும்பினோம். மதலேன் கழற்றிய அந்த இரண்டு கால்களும் கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தன. கொஞ்சம் வளர்ந்திருந்தன. கட்டுக்கயிற்றை எறிந்தேன். பிடித்து, கட்டைத்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கின. குழந்தையைத் தூக்கிக் காட்டினேன்.