இரண்டாம் எண் கயிறு

சமையலறை மேசையில் கிடந்த எட்டுச் சீட்டுகளையும் ரோனா மறுபடி எண் வரிசைப்படி அடுக்கினாள். மறுபடி அடுக்கினால் மட்டும் பெயர் மாறிவிடப் போகிறதா? இரண்டாம் எண் சீட்டில், அண்ணன் ஆலிஸ்டரின் குண்டுக் கையெழுத்தில், அதே பெயர்தான் இருந்தது. லயனல் ஹேவர்ஸ்.

சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்கு எட்டுக் கயிறுகள். ஒன்றாம் எண் தலைமாட்டில், இரண்டாம் எண் கால்மாட்டில், மற்ற ஆறும் இரு பக்கங்களிலும். இறந்தவருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்று வீட்டார் தீர்மானித்து, சீட்டில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடலோர ஊரில் உயில் எழுதுவதற்குக்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள். இரண்டாம் எண் கிடைக்காத கோபத்தில் பதினைந்து வருடம் பேசாமலிருந்து, பேசாமலே செத்துப்போன மைத்துனர்கள் உண்டு.

"அம்மாவோட கால்மாட்டுல அந்த ஆளா?" என்றாள்.

"மெதுவாப் பேசு. முன்னறையிலதான் உக்காந்திருக்கார்." ஆலிஸ்டர் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக் கறுப்பு டையைக் கட்டிக்கொண்டிருந்தான். "எண்பத்திரண்டு வயசுல லண்டன்லேர்ந்து ரயிலேறி வந்திருக்கார். அவர் எடுத்த படம் இல்லன்னா அம்மாவ யாருக்குத் தெரியும்?"

"முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல சாப்பாடு போட்டாங்களே, அந்தப் பசங்களுக்குத் தெரியும்."

"அவனுங்களுக்கும் படத்தாலதான் தெரியும். 'மிசஸ் மொவாட், ஒரே ஒரு தடவை கத்திக் காட்டுங்க'ன்னுதான கேட்டானுங்க."

கேட்டார்கள்தான். தட்டோடு வரிசையில் நின்று, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டிக் கேட்டார்கள். கேட்டவனுக்கு அம்மா போடுவது கஸ்டர்டு அரைக் கரண்டி, அவ்வளவுதான்.

"எனக்கு மூணு, அவருக்கு ரெண்டு," என்றாள் ரோனா.

"பொம்பளைங்களுக்குக் கயிறு குடுக்கிறதே இப்பதான் வந்திருக்கு. மூணு கிடைச்சுதேன்னு இரு."

மேசையில் அன்றைய செய்தித்தாளும் கிடந்தது. எட்டாம் பக்கத்தில் அம்மாவின் இருபத்து மூன்று வயது முகம். அந்தப் படத்தில் சவப்பெட்டிக்குள் கிடக்கும் முகம். மேலே தலைப்பு: 'நடிக்காமலே மறக்க முடியாதவர்'. எழுபத்து நான்கு வயதில், நெஞ்சில் நீர் கோத்து, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குப் போராடிச் செத்தவளுக்கு இவர்கள் கொடுக்கும் மரியாதை இதுதான்.

படத்தின் பெயர் 'மூடிய மண்'. 1972இல் இதே வட்டாரத்துப் பொட்டல் வெளியில் எடுத்தது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய கதை. மூலிகை வைத்தியம் பார்க்கும் ஒருத்தியைச் சூனியக்காரி என்று சொல்லி ஊரே சேர்ந்து உயிரோடு புதைக்கிறது. அரண்மனை, ரத்தம், பேய் என்று எல்லாம் இருந்தாலும் படம் நிற்பது அந்த ஒரு முகத்தின் மேல்தான். அதிலும் பெட்டிக்குள் இருக்கும் அந்த நாற்பத்திரண்டு விநாடிகள். பார்த்தவர்கள் மூடிய அறையில் தூங்கப் பயந்தார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள்.

எழுதும்போதெல்லாம் இயக்குநர் ஹேவர்ஸ் சொன்ன கதையையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அவளிடம் சொல்லாமல் மூடியை ஆணியடித்துவிட்டேன், உண்மையாகவே மண்ணைத் தள்ளச் சொன்னேன், நீங்கள் பார்ப்பது நடிப்பல்ல, அசல் பயம். ஐம்பது வருடமாக ஒரே கதை. சொல்லச் சொல்ல அவருக்குப் பட்டங்கள் கூடின. அம்மா எல்ஸ்பெத் மொவாட்டுக்கு அடுத்த படமே வரவில்லை. அவள் ஊருக்குத் திரும்பி, பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டியைப் பிடித்தாள்.

ரோனாவும் அந்தக் கதையை நம்பித்தான் வளர்ந்தாள். பதினாறு வயதில், தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஓடும்போது, அம்மா பின்னால் நின்று சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "இதுல நீ ஒண்ணுமே பண்ணலியேம்மா. பயந்த, அவ்வளவுதான்," என்றாள் ரோனா. அம்மா நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். "அப்படித்தான் தெரியுதா?" என்றாள். பிறகு சட்டையின் கையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதில்லை.

தேவாலயத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. பாதிரியார் சங்கீதம் வாசித்து முடித்ததும் ஹேவர்ஸைப் பேச அழைத்தார். இதுவும் ஆலிஸ்டரின் ஏற்பாடு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அம்மாவின் சாவை எடுத்து அந்த ஆளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தான்.

கிழவருக்கு இன்னும் நல்ல குரல். கைத்தடியை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, பெட்டியைப் பார்த்தபடி தொடங்கினார்.

"நான் ஒரு பாவத்தை ஒத்துக்கணும். அந்தப் பொண்ணுக்கு நடிக்க வராது. ரொம்ப நல்ல பொண்ணு, ஆனா வராது. அதனால நான் ஒரு கொடுமை பண்ணினேன்..."

கடைசி வரிசையிலிருந்து யாரோ சத்தமாகக் காறினார்கள். தொண்டை சரியில்லாத காறல் அல்ல. பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். பச்சை மழைக்கோட்டு போட்ட குள்ளமான கிழவி ஒருத்தி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, ஹேவர்ஸை நேராக முறைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு நிமிடம் தடுமாறி, மீதிக் கதையையும் சொல்லி முடித்தார். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெட்டி வெளியே போனதும் ரோனா நேராக அந்தக் கிழவியிடம் போனாள். இருந்த கோபத்துக்கு யாராவது ஒருத்தர் வேண்டியிருந்தது.

"யாரு நீங்க? என் அம்மா சாவுல வந்து காறித் துப்பறீங்க?"

"துப்பல கண்ணு. துப்பியிருக்கணும்," என்றாள் கிழவி. பேச்சில் இந்த ஊர் வாடை இல்லை, யார்க்ஷயர் வாடை அடித்தது. "டோரீன்னு பேரு. அந்தப் படத்துல கன்டினியூட்டி பாத்தவ. முடி எந்தப் பக்கம் விழுந்துது, எந்த நகம் உடைஞ்சுது, எத்தனை விநாடி ஓடிச்சுன்னு குறிச்சு வைக்கிறது என் வேலை. கையில எப்பவும் ஸ்டாப் வாட்ச் இருக்கும்."

"அப்போ அவர் அம்மாவ உள்ள வச்சு ஆணியடிச்சப்பவும் பக்கத்துல இருந்தீங்க."

"இருந்தேன். வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்கு நீ என்ன வேணா திட்டு, வாங்கிக்கிறேன்." டோரீன் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். "ஆனா அது படத்துல இல்ல."

"எது?"

"அந்த ஆளு சொல்றாரே, அசல் பயம். அது படத்துலயே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு, ஃபிலிம் கழுவுற லண்டன் லேப்லேர்ந்து தகவல் வந்துது. பலகை ஓட்டை வழியா எடுத்த ஃபிலிம் மொத்தமும் டப்பாக்குள்ள வெளிச்சம் பட்டுப் போச்சு. போகலைன்னாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. அசலாப் பயந்தவ முகத்துல என்ன தெரியும்? மூடியத் திறந்தப்ப, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, மூக்கு ஒழுகிக்கிட்டு, முகத்தைக் கையால மறைச்சுக்கிட்டு கிடந்தா, பாவம்."

ரோனா முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. உங்க அம்மாதான் வந்தா. 'மண்ணும் வேணாம், ஆணியும் வேணாம். பக்கப் பலகையக் கழட்டிட்டுக் கேமராவ வைங்க. எத்தனை விநாடி வேணும்னு சொல்லுங்க'ன்னா. நாப்பத்திரண்டுன்னாரு. அன்னிக்கு எந்த நகம் உடைஞ்சிருந்துதுன்னு என்கிட்ட கேட்டு, அதே நகத்த உடைச்சுக்கிட்டா. மூணு தடவை பண்ணினா கண்ணு. மூணும் ஒண்ணு போல. ஒவ்வொரு மூச்சும் அதே இடத்துல. வாட்ச்ச அமுக்கி அமுக்கிப் பாத்தேன், அரை விநாடி தப்பல. ரெண்டாவது டேக்தான் படத்துல இருக்கு."

கைப்பையிலிருந்து ஒரு சின்னச் சதுரப் படத்தை எடுத்து நீட்டினாள். நிறம் மங்கிய போலராய்டு. அம்மா சவப்பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் ஒப்பனைக்குப் பூசிய மண். கையில் தேநீர்க் குவளை. யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் பென்சிலில் 'டேக் 3 முடிந்ததும்' என்றிருந்தது.

"ஏன் யாரும் சொல்லல?" ரோனாவின் குரல் கூட்டமில்லாத தேவாலயத்தில் பெரிதாகக் கேட்டது. "அவங்க ஏன் சொல்லல?"

"சொன்னா. அசல் பயம்னாத்தான் டிக்கெட் விக்கும்னு சிரிச்சாங்க. அப்புறம் வாய்ப்புக் கேட்டுப் போன இடத்துலயெல்லாம் ஒரே கேள்வி. 'இந்தத் தடவை உன்ன யாரும்மா புதைக்கிறது?' எத்தனை நாள் கேப்பா அதை? நானும் வயித்துப் பொழப்புக்காகப் பேசாம இருந்துட்டேன்."

அப்படித்தான் தெரியுதா? ரோனாவுக்கு அந்தக் கேள்வி இப்போது வேறு மாதிரிக் கேட்டது. இஸ்திரிப் பெட்டியோடு நின்றவள் திரையில் தன் நடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசலாகத் தெரிகிறதா என்றுதான் கேட்டாள். பெற்ற மகளாகத் தான் முகத்துக்கு நேராகச் சொன்னதை நினைத்தபோது அவளுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அறையவில்லை. டோரீனின் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். "வாங்க," என்றாள்.

கல்லறைத் தோட்டம் கடலைப் பார்த்த சரிவில் இருந்தது. குழியின் மேல் குறுக்குக் கட்டைகளில் பெட்டி காத்திருந்தது. ஈமக்காரியம் நடத்தும் சின்க்ளேர், கையில் பட்டியலோடு எண்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். ஆலிஸ்டர் தலைமாட்டுக்குப் போய்விட்டான். ஹேவர்ஸ் சீட்டைக் கையில் பிடித்தபடி கால்மாட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்.

ரோனா அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"எத்தனாவது டேக்?"

"என்னம்மா?"

"படத்துல இருக்கிறது எத்தனாவது டேக்?"

கிழவர் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "டோரீன்," என்றார். "நீ இன்னும் இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள் டோரீன்.

"ரோனா, இங்க வேணாம்," என்று ஆலிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"இங்கதான் வேணும். உள்ள பெட்டிகிட்ட நின்னுக்கிட்டு, அவங்களுக்கு நடிக்க வராதுன்னு சொன்னாரு. நாமளும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம்." ரோனா போலராய்டை அண்ணனிடம் நீட்டினாள். "அசல் பயம் லேப்லயே வீணாப் போச்சு. நம்ம அம்மா மறுபடி படுத்து, மூணு தடவை நடிச்சுக் குடுத்தாங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்ச மாதிரி ஐம்பது வருஷமா அதை மறைச்சு வச்சிருக்காரு. இல்லன்னு சொல்லச் சொல்லு."

ஹேவர்ஸ் இல்லையென்று சொல்லவில்லை. காற்றில் கண்ணில் நீர் வந்ததை விரலால் துடைத்தார். "அந்தக் கதையாலதான் படம் பிழைச்சுது," என்றார். "உங்க அம்மா பேரும் அதுலதான் பிழைச்சுது."

"அவங்க பிழைக்கலியே," என்றாள் ரோனா.

சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் ஒரு காலத்தில் அரைக் கரண்டிக் கஸ்டர்டு வாங்கியவர்கள். ஆலிஸ்டர் போலராய்டை வெகுநேரம் பார்த்தான். கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோயிருந்தது. பிறகு தலைமாட்டை விட்டு நடந்து வந்து, ஹேவர்ஸின் முன்னால் கையை நீட்டினான். கிழவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சீட்டைக் கொடுத்தார்.

ஆலிஸ்டர் சின்க்ளேரிடம் பேனா வாங்கினான். பெயரை அடித்தான். "உங்க முழுப் பேரு என்ன?" என்று டோரீனிடம் கேட்டான்.

"டோரீன் கிளெக். எனக்கு இடுப்பு சரியில்ல தம்பி."

"கயிறு பிடிக்க இடுப்பு எதுக்கு," என்றாள் ரோனா. "பாரத்த நாங்க பாத்துக்கிறோம்."

சீட்டை முழங்கால் மேல் வைத்து அவன் எழுதிக் கொடுத்தான். சின்க்ளேர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி, "இரண்டாம் எண், மிஸ் கிளெக்," என்று கூப்பிட்டார். டோரீன் கைப்பையைப் புல்லில் வைத்துவிட்டுப் போய் நின்றாள். ஹேவர்ஸ் கைத்தடியை ஊன்றி வாசல் பக்கம் போனார். அவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிடக்கூட யாரும் போகவில்லை.

எட்டுப் பேரும் குனிந்து கயிற்றை எடுத்தார்கள். கட்டைகளை உருவினார்கள். பாரம் உள்ளங்கையில் ஏறியது. இத்தனை வருடக் கோபமும் இன்றைய கோபமும் அப்படியேதான் இருந்தன. ரோனா கயிற்றை இறுக்கிப் பிடித்தாள்.

"மெதுவா," என்றார் சின்க்ளேர். "எல்லாரும் ஒண்ணா."

பெட்டி கோணாமல் இறங்கியது. கயிறு நழுவும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ரோனா நிமிர்ந்து கால்மாட்டைப் பார்த்தாள். டோரீனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜபம் செய்கிறாள் என்று முதலில் நினைத்தாள். இல்லை, விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அடியில் மண்ணில் பெட்டி அமர்ந்து கயிறு தளர்ந்ததும், உதடுகள் நின்றன. கயிற்றைப் பிடித்திருந்த கையில் டோரீனின் கட்டைவிரல் ஒருமுறை கீழே அமுங்கியது.