பதினான்கு, பத்து, இருபத்துநான்கு

ஸ்ஃபாக்ஸ் நகரப் பொறியியல் பள்ளியில் பேராசிரியர் லஸ்ஸாத் பதினொரு வருடமாக ஒரே விஷயத்தைத்தான் உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு செய்தியை ஒரே சமயத்தில் பல ஊர்களுக்கு அனுப்ப வேண்டும்; நடுவில் ஒரு கேபிள் அறுந்தாலும் எல்லோருக்கும் முழுசாகப் போய்ச் சேர வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி: முதல் பாதையில் செய்தியின் ஒரு பாதி, இரண்டாவதில் மறுபாதி, மூன்றாவதில் இரண்டையும் கூட்டிய தொகை. எது அறுந்தாலும் மற்ற இரண்டை வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். இதைக் கேட்ட அவர் மனைவி, "நல்லாத்தான் இருக்கு, வரும்போது ரொட்டி வாங்கிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அன்றும் அவர் ரொட்டியை மறந்துதான் வந்தார்.

இப்போது ஆய்வகத்துக்கே ஆபத்து. ஆய்வகம் தொடரலாமா என்று முடிவு செய்யும் குழுவின் உறுப்பினர்கள் மூவரும் ஒன்றாக வந்து செயல்முறை விளக்கத்தைப் பார்த்து, அக்டோபர் இருபதுக்குள் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அறை தேர்வுப் பிரிவின் கிடங்காகிவிடும். இந்தக் கெடுவை நிர்வாகம் லஸ்ஸாத்துக்கு மட்டும்தான் சொல்லியிருந்தது. அழைப்பு அனுப்ப உட்கார்ந்தபோதுதான் லஸ்ஸாத்துக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

பதினான்காம் தேதி, காலை பத்து மணி. மூவரில் முன்ஜிக்கு 14 என்று மட்டும் எழுதினார். லத்தீஃபா அம்மையாருக்கு 10. ஃபௌஸிக்கு இரண்டின் கூட்டல், 24. 'அக்டோபரில் வாருங்கள். உங்களில் எந்த இருவர் பேசிக்கொண்டாலும் நாளும் நேரமும் தெரிந்துவிடும்' என்று ஒரு வரி. எந்த எண் எதைக் குறிக்கிறது என்று எழுதவில்லை. எழுதினால் அழகு போய்விடுமாம். ஒவ்வொரு செய்தித் துண்டோடும் அதில் எது எதோடு கலந்திருக்கிறது என்ற விவரத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்று முப்பது பக்கக் கட்டுரை எழுதிய மனுஷன்!

தொழில்நுட்ப உதவியாளர் ரஃபிக்கா கடிதங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சார், அவங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதில்ல. நீங்களே ஒரு போன் பண்ணி வரச் சொல்லிடுங்களேன்."

"ஒரு போன் கட்டாயிட்டா?" என்றார் லஸ்ஸாத். சொன்னபோது அவருக்கே அது பிரமாதமான பதிலாகத் தோன்றியது.

உண்மை வேறு. ஃபௌஸியோடு ஒரே அறையில் ஒன்பது வருடம் வேலை செய்தவர் அவர். ஆறு வருடம் முன்பு, ஒரு கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ஃபௌஸியின் போன் நம்பரை அழுத்த அவருக்கு விரல் வரவில்லை. அதற்குத்தான் இத்தனை கணிதமும்.

லத்தீஃபா பத்தாம் தேதியே வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போய்க் காரசாரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மன்னிப்புக் கேட்டும் பதில் இல்லை. பதினான்காம் தேதி காலையில் பக்லாவா இனிப்புத் தட்டோடு லஸ்ஸாத் காத்திருந்தார். யாரும் வரவில்லை. மாலை நான்கு மணிக்கு முன்ஜி வந்தார். தனியாகக் கையெழுத்துப் போட முடியாது என்றார். மூன்று பக்லாவா தின்றுவிட்டுப் போனார். இருபதாம் தேதி வந்தது, போனது. தேர்வுப் பிரிவிலிருந்து சாவி கேட்டு ஆள் வந்தது.

இருபத்துநான்காம் தேதி லஸ்ஸாத் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பாதி அறையில் விடைத்தாள் மூட்டைகள். வாசலில் ஃபௌஸி வந்து நின்றான். நரைத்திருந்தான்.

"இருபத்துநாலுன்னு எழுதியிருந்தியே. வந்துட்டேன். என்னடா இது, மூட்டையா கெடக்கு?"

லஸ்ஸாத் எல்லாவற்றையும் சொன்னார். ஃபௌஸி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான்.

"அவங்ககிட்ட நான் பேசறதில்ல, சரி. உன்கிட்ட பேச மாட்டேன்னு யாருடா சொன்னா? ஒரு போன் பண்ணியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன். அந்த ரெண்டு பேரையும் இழுத்துட்டே வந்திருப்பேன். என் நம்பர் மாறவே இல்ல."

நம்பர் மாறவில்லை என்பது லஸ்ஸாத்துக்குத் தெரியும். ஆறு வருடத்தில் அதை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்து, போனை மூடி வைத்திருக்கிறார். சாமர்த்தியமாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தார்.

"பயமா இருந்துதுடா" என்றார்.

ஃபௌஸி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வெளியே எடுத்துப் போக வேண்டிய மேஜையின் மறுமுனையைப் பிடித்தான்.