மரம், கொட்டகை, பாறை, தலை

"நான் அடிச்ச பந்து முதல்ல மரத்துல பட்டுச்சு. மரத்துலேருந்து தண்ணிக் கொட்டகையோட தகரக் கூரையில. அங்கேருந்து ஒரு பாறை மேல. பாறையிலேருந்து எகிறி, இதோ ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறானே பல் டாக்டர், இவன் வழுக்கைத் தலையில 'ணங்'குன்னு பட்டு, நேரா போய்க் குழிக்குள்ள விழுந்துச்சு. ஒரே அடி!"

நர்ஸ், கட்டிலில் கதை சொன்னவருடைய முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள். மூச்சு விடுவதற்கே மலை ஏறுகிறவர்போல இளைத்துக்கொண்டிருந்த மனிதர், காலையில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குக் கண்ணைக்கூடத் திறக்காதவர், இந்தக் கதைக்கு மட்டும் எங்கேயோ காற்றைப் பதுக்கி வைத்திருந்தார்.

"படல," என்றார் பல் டாக்டர், ஜன்னல் ஓரமாக நின்றபடி.

"பட்டுச்சுடா!"

"என் தலை. எனக்குத் தெரியாதா?"

வாசற்படியில் சூப் கிண்ணத்தோடு நின்றிருந்த, கட்டிலில் இருந்தவருடைய மனைவி பல்லைக் கடித்தாள். ரயில் நிலையத்தின் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் அவள். 'ஒன்பது மணி வண்டி எத்தனை மணிக்குப் போகும்' என்று கேட்டவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னவள். அந்தப் பொறுமையெல்லாம் கணவர், அவருடைய மூன்று சிநேகிதர்கள் என்ற இந்த நான்கு பேரிடம் காலியாகிப்போனது. அந்தப் பந்தின் கதையைக் கேட்டுக் கேட்டு அவள் காது புளித்திருந்தது. படுக்கையறைச் சுவருக்கு வாய் இருந்தால் அதுவே ஒப்பித்திருக்கும்.

ஒவ்வொரு வருடமும் குளிர் விட்டுப் புல் பச்சை பிடிக்கிற வாரம் வந்தால் போதும், இவர்களுக்குக் கால் தரையில் பாவாது. மட்டைப் பைகளைக் காரில் திணித்துக்கொண்டு ஏரிக்கரைக் கோல்ஃப் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை போனால் ஞாயிறு சாயங்காலம், வெயிலில் வெந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்து இறங்குவார்கள். திங்கட்கிழமை காலையிலேயே அடுத்த வருடத்துக்கு நாள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அவள் கணவருக்கு அந்தக் கூட்டத்தில் 'சூறாவளி' என்று பெயர். ஆட்டத் திறமைக்கு வைத்த பெயரல்ல. அவர் மட்டையை வீசினால் புல் பறக்கும், மண் பறக்கும், எதிரே இருப்பவர் கண்ணாடி பறக்கும். பந்து மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படிப்பட்டவர்தான் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டதாக ஒரு வருடம் வந்து நின்றார். நன்றாக ஆடுகிறவர்களுக்கே ஆயுளில் ஒரு தடவை வாய்த்தால் உண்டு.

சாட்சி? இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் விமானம் ஓட்டி ஓய்வு பெற்ற பைலட். இன்னொருவர் சோபாக் கடைக்காரர். அந்த நேரத்தில் பைலட் தன் பந்தைத் தேடிப் புதருக்குள் இருந்தார். சோபாக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இருவரும் கண்ணால் பார்த்ததாக இன்றுவரை சத்தியம் செய்கிறார்கள். தலையில் வாங்கியதாகச் சொல்லப்படுகிறவர் மட்டும் இல்லவே இல்லை என்கிறார். பார்க்காதவர்கள் சத்தியம் செய்ய, பட்டவர் மறுக்க, வழக்கு வருடா வருடம் ஏரிக்கரையில் நடந்துகொண்டே இருந்தது. கதையில் மரம் மூன்றாம் வருடம் முளைத்தது. தகரக் கொட்டகையை அதற்குப் பின்னால் கட்டினார்கள்.

அவளும் நம்பவில்லை. தலையில் பட்டிருந்தால் மனிதர் பிழைத்திருப்பாரா என்பது அவள் கட்சி.

இந்த வருடம் ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சவங்க பக்கத்துல இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டார்கள். அதை அவள் யாரிடமும் விளக்கிச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் மட்டைப் பைகளோடு வாசலில் நின்றார்கள்.

"மைதானத்துக்கு அவன் வர முடியலேன்னா, மைதானம் வருது தங்கச்சி," என்றார் பைலட்.

வந்தது. கட்டிலைச் சுற்றியிருந்த கம்பளம் புல்வெளியானது. அவளுடைய நல்ல கண்ணாடித் தம்ளர் சரிந்து படுத்துக் குழியானது. மருந்து மேஜை ஏரியானது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் மேஜை விளக்கு போயிற்று. சனிக்கிழமை பூ ஜாடி போயிற்று. சோபாக்காரர் சத்தமில்லாமல் துண்டுகளைப் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஒட்ட வெச்சுக் குடுத்துடறேன் தங்கச்சி."

"ஒட்ட வெச்சு உங்க வீட்டுலயே வெச்சுக்கோங்க."

அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் கொஞ்சம் அமைதி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் சொல்ல வேண்டும். ஆனால் கையைப் பிடிக்கப் போனால் அந்தக் கையில் மட்டை இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவர் கண்ணை மூடியபடியே சொன்னார். "இந்தப் பல் டாக்டர் ஒத்துக்கற வரைக்கும் நான் போகமாட்டேன். தெரிஞ்சுக்கோங்க."

"அப்ப நீ போகப்போறதே இல்ல," என்றார் பல் டாக்டர்.

கட்டிலில் இருந்தவர் சிரிக்க முயன்று இருமினார். இருமி முடித்ததும் சூப் கேட்டார். இரண்டு நாளாக உதட்டில் வைக்க மறுத்த சூப்பை அரைக் கிண்ணம் குடித்தார். குடித்துக்கொண்டே, "பட்டுச்சுடா," என்றார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. பல் டாக்டரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அவர் வந்து குளிர்சாதனப் பெட்டிமேல் சாய்ந்து நின்றார். தலையில் அந்தப் பழைய சாம்பல் நிறத் தொப்பி. வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டார், குளிர் ஒத்துக்கொள்ளாது என்பார். அவள் மகளின் கல்யாணப் படங்களில்கூடத் தொப்பியோடுதான் நிற்பார். வழுக்கையை மறைக்கிறார், இந்த வயதிலும் என்ன அழகு வேண்டியிருக்கிறது என்று அவள் பலமுறை நினைத்ததுண்டு.

"டாக்டர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஒரே ஒரு தடவை 'ஆமா, பட்டுச்சு'ன்னு சொல்லிடுங்க."

"படாததைப் பட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது தங்கச்சி?"

"பொய்தான். சொல்லுங்களேன். வாய் வெந்துடுமா?"

"எனக்குப் பொய் வராது."

"பல்லைப் பிடுங்கறப்ப வலிக்கவே வலிக்காதுன்னு சொல்வீங்களே, அது என்ன?"

"அது தொழில்."

அவள் கரண்டியைத் தொட்டியில் போட்டாள். கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"அங்க படுத்திருக்கறவர் உங்களுக்கு யாரு? பள்ளிக்கூடத்துலேருந்து கூட வந்தவர். இன்னும் எத்தனை நாள்னு நினைக்கறீங்க? ஒரு வார்த்தை, டாக்டர். அதை வாங்கிட்டு நிம்மதியாப் போவாரில்ல?"

பல் டாக்டர் தொப்பியின் விளிம்பைப் பிடித்து இன்னும் கீழே இழுத்துக்கொண்டார்.

"அதான் சொல்ல மாட்டேங்கறேன்," என்றார்.

இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போங்க," என்றாள். "போய் உங்க ஆட்டத்தை ஆடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளைத் தொட்டாள். மகளுக்குப் போன் போயிற்று. அடுத்த வண்டியில் வருவதாகச் சொன்னாள். அடுத்த வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். அது போதாது என்றும் தெரிந்தது.

மத்தியானம் அவர் கண் திறந்து மட்டையைக் கேட்டார்.

"வேண்டாங்க. படுங்க பேசாம."

"ஒண்ணே ஒண்ணு."

பைலட் அவரைப் பின்னாலிருந்து தாங்கி உட்கார வைத்தார். சோபாக்காரர் பந்தைக் கட்டிலுக்குக் கீழே கம்பளத்தில் வைத்தார். பல் டாக்டர் தம்ளரைச் சரிசெய்தார். கட்டிலில் இருந்தவர் மட்டையை வீசவில்லை, கையிலிருந்து நழுவ விட்டார். அது விழுந்த வேகத்தில் பந்து கிளம்பியது. தம்ளரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கம்பளத்தைத் தாண்டி, நேரே போய்த் துணி அலமாரிக்கு அடியில் நுழைந்தது.

"போச்சு! ஆளில்லாத இடமாப் பார்த்துப் போகுது உன் பந்து," என்றார் பல் டாக்டர்.

"ஆள் இருந்தா... தலையில படும்," என்றார் அவர்.

"படாது."

பைலட் அவரைத் தலையணையில் சாய்த்துவிட்டு வர, மூவரும் அலமாரிக்கு முன்னால் மண்டி போட்டார்கள். கன்னத்தைத் தரையில் ஒட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, குடையை உள்ளே விட்டுக் குடைந்தார்கள். மூன்று பின்பக்கங்களும் வரிசையாக வானத்தைப் பார்த்தன.

"அதோ, இடது பக்கம்."

"அது பழைய செருப்புடா."

"விமானம் ஓட்டின கண்ணா இது? எப்படி இறக்கின?"

"அதெல்லாம் தானா இறங்கும்."

அவளுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஒரு மனிதர் போய்க்கொண்டிருக்கிற வீட்டில் இது என்ன கூத்து என்று கத்தப் போனாள். கத்துவதற்கு முன், பார்த்தீர்களா இந்த லட்சணத்தை என்று கேட்பதற்காகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

தலையணைமேல் அவர் தலை அவர்கள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்கள் அந்த மூன்று பின்பக்கங்களைப் பார்த்தபடி இருந்தன. வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு பாதி வந்து நின்றிருந்தது.

அவள் போய்க் கையைப் பிடித்தாள். இப்போது அதில் மட்டை இல்லை.

அலமாரிக்கு அடியில் சண்டை நடந்துகொண்டே இருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதை நடக்க விட்டாள்.

"தேடினது போதும்," என்றாள் பிறகு. "எழுந்திருங்க."

தகனக் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள், பக்கச் சுவரில் ஓடாத கடிகாரம், எதிரே இரும்புக் கதவு. அதன் முன்னால் உருளைகள் பொருத்திய மேடையில் பெட்டி. மூடி இன்னும் திறந்திருந்தது. மகள் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். பின்வரிசையில் சோபாக்காரர் யாரிடமோ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்; அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனாலும் கொட்டகைக்கும் பாறைக்கும் நடுவில் பறந்துபோன ஒரு கொக்கைச் சேர்த்துவிட்டார். பைலட், "ஆமா, நானும் பார்த்தேன்," என்று மூக்கைச் சிந்தினார்.

கடைசியாகப் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியருகே வந்தார்கள். எல்லோரும் போன பிறகு பல் டாக்டர் வந்தார். தலையில் தொப்பி.

இரண்டு நாளாக அவள் அழவில்லை. இப்போதும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இங்கயுமா டாக்டர்? இங்கயாவது அதைக் கழட்டக் கூடாதா? அவர் கேட்ட ஒரு வார்த்தையைத்தான் குடுக்கல. ஒரு மரியாதையாவது குடுங்களேன்!"

குரல் கூடம் முழுக்கக் கேட்டது. மகள், "அம்மா," என்று கையைப் பிடித்தாள். பின்வரிசையில் கொக்கு பாதியில் நின்றது.

பல் டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பினார். பெட்டிக்குள் குனிந்தார்.

உச்சியிலிருந்து சற்று இடப்பக்கமாக, வழவழவென்றிருந்த அந்த மண்டையில், ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. கட்டைவிரலை வைத்தால் உட்காருகிற அளவு. விளக்கு வெளிச்சம் மற்ற இடமெல்லாம் வழுக்கி ஓடி, அங்கே மட்டும் தேங்கி நின்றது.

அவளுக்கு அந்த அரைக் கிண்ணம் சூப்பும், 'அதான் சொல்ல மாட்டேங்கறேன்' என்று அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

பணியாள் பக்கவாட்டுக் கதவிலிருந்து வந்து, பெட்டியை உள்ளே அனுப்பும் பொத்தானுக்கு அருகில் நின்று, "ஆரம்பிக்கலாமாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் அவள். "அவங்க பேசிட்டிருக்காங்க."

பணியாள் பெட்டியைப் பார்த்தார், குனிந்திருந்தவரைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மரம் பொய்," என்று பல் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "அங்க மரமே கிடையாது. தகரக் கொட்டகையும் பொய், அது மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. கொக்கு சோபாக்காரனோடது, அதுக்கு நான் பொறுப்பில்ல."

கொஞ்சம் நிறுத்தினார். எதிர்ப்பேச்சுக்கு இடம் விடுகிறவரைப்போல.

"பாறையில பட்டுச்சு. அப்புறம் இங்க பட்டுச்சுடா. நான் கீழ உக்காந்துட்டேன், கண்ணெல்லாம் இருட்டிக்கிச்சு. ஆனா அது உள்ள விழுந்த சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு."