திங்கட்கிழமைக்குள் ஒரு ரேடியேட்டர்

வெர்னாவின் கார் மூன்று நாளாக வாசல் சிமென்ட் தரையில் பச்சையாக ஒழுகிக்கொண்டிருந்தது. முதல் நாள் கையகலம்தான் இருந்தது. சனிக்கிழமை காலையில் பார்த்தால் பாத்திரத்தைக் கவிழ்த்தது போலத் தேங்கியிருந்தது. குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தாள். தித்திப்பான வாடை. ரேடியேட்டர்தான்.

வேறு வாரமாக இருந்தால் பொறுத்திருப்பாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் தம்பி லைல் சிறையிலிருந்து வெளியே வருகிறான். பதினோரு வருஷம் ஆயிற்று. சிறை நூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருந்தது. கூட்டிவர அவளை விட்டால் நாதியில்லை.

ஊரில் இருந்த ஒரே மெக்கானிக் போனிலேயே கைவிரித்துவிட்டான். "சோள அறுவடை நேரம், வெர்னா. டிராக்டரும் லாரியுமா வரிசைல நிக்குது. ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டா."

இரண்டு கேன் தண்ணீரோடு கிளம்பி, வழியில் ஓரங்கட்டி இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி உதிரிபாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். கடைக்காரன் கர்ட் அட்டைப்பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தான்.

"யாரு மாட்டப் போறா?"

"நான்தான்."

"ஸ்கூல் பஸ் ஓட்டுறதும் இதுவும் ஒண்ணில்ல, வெர்னா."

"உன்னை மாதிரி வாலுங்களை முப்பது வருஷம் ஏத்தி இறக்கியிருக்கேன். இது என்ன, எதிர்த்துப் பேசவா போகுது?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பெட்டியை கார் வரை தூக்கி வந்தும் கொடுத்தான். நாளைக்கு வந்து ஒரு கை பிடிக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவளிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஊர் அவளோடு சிரிக்கும், பேசும். வாசற்படியை மட்டும் மிதிக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சுக்குப் போயிருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. வெர்னா பழைய சட்டையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். அடியில் இருந்த திருகைத் திறந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைத் திரவமான கூலன்டைத் தொட்டியில் பிடித்தாள். தித்திப்புக்கு ஆசைப்பட்டு நக்கும் நாய்க்கு அது விஷம். பக்கத்து வீட்டு நாய்க்கு வேலி ஒரு பொருட்டே இல்லை என்பதால் தொட்டியைப் பலகையால் மூடினாள். அந்த நாய் தினமும் வரும். அதன் எஜமான் எம்மெட் பதினோரு வருஷமாக வேலிப்பக்கம்கூடத் திரும்பியதில்லை.

மேல் ரப்பர் ஹோஸ் லேசில் கழன்றது. கீழ் ஹோஸ் இரும்போடு உருகியதுபோல ஒட்டிக்கிடந்தது. கத்தி முனையை விட்டு நெம்பித்தான் எடுத்தாள். ஃபேனைக் கழற்றி வைத்தாள். கியர் ஆயில் போகும் இரண்டு குழாய்களில் ஒன்று வந்துவிட்டது. மற்றது அசையவில்லை. ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு இழுத்தாள். ஸ்பேனர் வழுக்கியதில் விரல்முட்டி கிழிந்தது. நட்டின் முனைகள் மழுங்கிப்போயின. இன்னொரு தடவை இழுத்தால் அவ்வளவுதான்.

அந்த நட்டைச் சுற்றிப் பிடிக்க வேறு ஸ்பேனர் வேண்டும். கர்ட்டின் கடை மூடியிருந்தது. கார் பாதி பிரிந்து கிடந்தது. அந்த ஸ்பேனர் நிச்சயமாக இருக்கக்கூடிய ஒரே வீடு எம்மெட்டின் வீடு. நாற்பது வருஷம் விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர்.

லைல் குடித்துவிட்டு ஓட்டிய வண்டி மோதித்தான் எம்மெட்டின் மனைவி நடீன் செத்துப்போனாள்.

அவர் சர்ச்சிலிருந்து திரும்பும்வரை வெர்னா படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். எம்மெட் வாயில் மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"குழாய் நட்டு கழட்டுற ஸ்பேனர் இருக்குமா, எம்மெட்? சாதா ஸ்பேனரைப் போட்டு மழுக்கிட்டேன்."

"கடை நாளைக்குத் திறக்கும்."

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கே கிளம்பணும்."

"எங்க?"

டாக்டரைப் பார்க்க என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"லைலைக் கூட்டிட்டு வர."

எம்மெட் உள்ளே திரும்பினார். கதவு சாத்திக்கொண்டது. வெர்னா படியிறங்கினாள். பாதி வழி போயிருப்பாள், அவருடைய ஷெட்டின் கதவு கரகரவென்று மேலே போனது.

"இந்தா." ஸ்பேனரை நீட்டினார். "இதைத் திருப்பித் தர வேண்டாம்."

"இல்ல எம்மெட், வேலை முடிஞ்சதும்..."

"வேண்டாம்னு சொல்றேன்ல. அதுக்குன்னு இன்னொரு தடவை நீ இந்தப் படியேற வேண்டாம்." போகத் திரும்பியவர் நின்றார். "நடீன் இருந்திருந்தா கூட வந்து டார்ச்சு பிடிச்சிருப்பா. நான் அவ இல்ல."

நட்டு இரண்டாம் இழுப்பில் கழன்றது. பழைய ரேடியேட்டரை மார்போடு அணைத்துத் தூக்கி வெளியே வைத்தாள். புதியதை இறக்கினாள், குழாய்களை முடுக்கினாள், ஹோஸ்களை மாட்டினாள். கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி, மூடியைத் திறந்தபடியே ஹீட்டரைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டாள். காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. அளவு இறங்க இறங்க மறுபடி ஊற்றினாள். அட்டையை விரித்து அடியில் தள்ளி, அரைமணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

"பாத்தியா!" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்று தெருவை இரு பக்கமும் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை சிறை வாசலில் லைல் ஒரு காகிதப் பையோடு வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைக் கட்டிக்கொண்டபோது எலும்பு குத்தியது.

"இன்னும் இதே காரா, வெர்னி?"

"ரேடியேட்டர் புதுசு. நானே மாத்தினேன்."

"நீயா? அப்ப நான் நடந்தே வர்றேன்."

இருவரும் சிரித்தார்கள். அவள் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் பன்றிக்கறியும் அவன் மடியில் பிரிக்காமலே இருந்தன. இருபது மைல் தாண்டியதும் கேட்டான்.

"எம்மெட் இன்னும் பக்கத்து வீட்லதான் இருக்காரா?"

"ஆமா."

லைல் மடியிலிருந்த பொட்டலத்தின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தான். பிறகு, "என்னை பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுடு. ஓமஹா நகரத்துல ஒரு விடுதில ஜெயில்லேர்ந்தே இடம் சொல்லி வெச்சிருக்காங்க," என்றான்.

"பைத்தியமா உனக்கு? வீடு இருக்கும்போது விடுதி எதுக்கு?"

"நான் அங்க வந்தா, அவர் தினம் கதவைத் திறந்ததும் என் மூஞ்சிலதான் முழிக்கணும். அந்தப் பாவத்தையும் சேர்க்கச் சொல்றியா?"

அவள் இன்னும் நாலு வார்த்தை மல்லுக்கு நின்றாள். தான் கெஞ்சுவது அவனுக்காக இல்லை, தன் வெறும் வீட்டுக்காகத்தான் என்பது பேசும்போதே அவளுக்கு விளங்கிற்று. வாயை மூடிக்கொண்டு பாதையை மாற்றினாள்.

பஸ் புறப்பட்டபோது லைல் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினான். அவள் அறுவடையான வயல்களுக்கு நடுவே தனியாகத் திரும்பினாள்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. இறைச்சி ஆலையில் வேலையாட்களின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை கிடைத்திருப்பதாக லைல் சொன்னான்.

"சாப்பாடெல்லாம்?"

"பரவால்ல. அங்க பனி விழுந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"சரி, விடுதி போனுக்கு வரிசைல ஆள் நிக்கிறாங்க," என்று அவன் வைத்துவிட்டான். இணைப்பு அறுந்த ஒலி நின்று வெறும் அமைதியான பிறகும், வெர்னா போனைக் காதோடு வைத்தபடி சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள்.