மாடி ஜன்னல் துரைசானி

ஜீப் மறுபடியும் பங்களாவின் கேட்டருகே வந்து நின்றது. ஞானசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீசன் தொடங்கிவிட்டால் போதும், ஏற்காட்டுக்கு வருகிற சனம் அத்தனையும் இவள் வாசலில்தான் வந்து கழுத்தை நீட்டும்.

ஜீப் வெங்கடாசலத்துடையது. ஏரி, சர்ச்சு, வெள்ளைக்காரன் கட்டிய பழைய பங்களாக்கள் என்று ஊரைச் சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. பிழைக்கட்டும், யார் வேண்டாமென்றார்கள்? நூறு வருசத்துக் கட்டிடம், வளைந்த கருங்கல் வாசல், ஓட்டுக்கூரை, புகைபோக்கி. காட்டுவதற்கா பஞ்சம்? அதையெல்லாம் விட்டுவிட்டு, “இதானுங்க பேய் பங்களா” என்று ஆரம்பிப்பான் பாருங்கள், அங்கேதான் இவளுக்கு வயிறெரியும். கட்டின துரையின் பெண்டாட்டி தூக்கு மாட்டிக்கொண்டாளாம், இன்னும் நடமாடுகிறாளாம். துரைசானி பேரன் பேத்தி எடுத்து, சீமைக்குக் கப்பலேறிப் போனவள் என்பது ஊர்ப் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும்!

பங்களாவின் கீழ்க் கூடத்தில் ஞானசுந்தரி பால்வாடி நடத்தினாள். மாடியறையில் குடியிருந்தாள். காப்பித் தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போவார்கள். கூடம் நிறைய இருந்த பிள்ளைகள், இவன் கதை தோட்டமெல்லாம் பரவியதில் இப்போது மூன்றே மூன்று. “பேய் ஊட்லயா புள்ளைய உடச் சொல்றீங்க டீச்சர்?” என்று அத்தாயியே முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். கொட்டச்சேட்டுக் கிராமத்திலிருந்து தினமும் முதல் ஆளாய்ப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவள்! இந்த மாசமும் பிள்ளைகள் சேராவிட்டால் பால்வாடியை மூடவேண்டியதுதான் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரும் சொல்லிவிட்டார்.

வெங்கடாசலத்தை நாலு வார்த்தை கேட்கலாமென்றால் அவன் கையில் சிக்கினால்தானே? கேட் தூரமென்று இவள் மாடிக்கு ஓடி ஜன்னலைத் திறந்து வாயெடுப்பதற்குள் புர்ரென்று கிளப்பிக்கொண்டு போய்விடுவான்.

இன்றைக்கு ஜீப் மக்கர் பண்ணியது. ஞானசுந்தரி ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

“அதா! நாஞ் சொன்னனுங்களா இல்லீங்களா? வெள்ளைச் சீலை! நல்லாப் பாத்துக்கங்க!”

ஜீப்பிலிருந்த அம்மாள் ஒருத்தி வீலென்று கத்தினாள். ஞானசுந்தரி பதறிப்போய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அறையில் ஒருவருமில்லை. குனிந்து தன் சீலையைப் பார்த்தாள். புருசன் செத்த நாளிலிருந்து அவள் வெள்ளைதான் கட்டுகிறாள்.

அடப்பாவி! பேய் நான்தானா?

படி இறங்கி அவள் வந்த வேகத்தில் ஜீப்பே நடுங்கியிருக்கும். நேரே வெங்கடாசலத்தின் முன்னால் போய் நின்றாள்.

“எத்தனை நாளா என்னைக் காட்டிப் பொழைக்கறீங்க?”

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஜீப்பை நிறுத்துனா நீங்களே டாண்ணு ஜன்னலுக்கு வந்துர்றீங்க. நொம்ப ஒத்தாசையா இருந்துச்சுங்க.”

“உங்களைத் திட்டறதுக்கு வந்தேன்யா!”

ஜீப்பிலிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவளை இன்னும் கிளப்பிவிட்டது. ஆயா மருதாயியிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“கொட்டச்சேட்டுக்கு உடுங்க. சனங்க வேலை முடிஞ்சு வர்ற நேரம். உங்க பேயை அங்கயும் காட்டுங்க.”

பார்க்க வந்தவர்களுக்கு இந்த வேடிக்கையை விட மனசில்லை. அவர்களே இறங்கித் தள்ளிக் கொடுத்ததில் ஜீப் கிளம்பியது.

தோட்டத்து ஆட்களின் லைன் வீடுகளுக்கு முன்னால் நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. ஞானசுந்தரி இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். வெங்கடாசலம் தலையைச் சொறிந்தான்.

“நாஞ் சொன்ன பேய்… இந்த டீச்சருதானுங்க. மத்ததெல்லாம் சும்மா அளந்துட்டேன்.”

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. “ஏம்பா, பேய்க்குப் பவுடரெல்லாம் போட்டு உட்டிருக்கியே!” என்று யாரோ கிண்டலடித்தார்கள்.

அத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்காமல் நேரே வெங்கடாசலத்திடம் வந்தாள். பிள்ளையின் வலது கால் முழங்கால்வரை வீங்கி, துணி சுற்றிக் கிடந்தது.

“ஏனுங்க, உங்க பேச்சை நம்பித்தானுங்க புள்ளையக் காப்பிச் செடிக்கடியில படுக்க வெச்சேன். தேளு கொட்டிப்போடுச்சு.”

சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. ஞானசுந்தரி பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். அத்தாயி கொடுக்கவில்லை. பிள்ளையை வெங்கடாசலத்தின் கையில் வைத்தாள்.

“நாளைக்குக் காத்தால வந்து நீங்களே ஜீப்புல பால்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க. இவளால நடக்க முடியாதுங்க.”